எழுத்து வந்தது, சொல் வரவில்லை

ஒரு மொழியின் நலத்தை அதன் நூல்நிலையத்தில் நின்று அளந்துவிட முடியாது. நூல்நிலையத்தில் இறந்துபட்ட மொழிகளும் அடுக்கடுக்காக வீற்றிருக்கும். கடைத்தெருவில் நின்று பார்த்தால்தான் அதன் நாடித்துடிப்புத் தெரியும். கடையின் நெற்றியில் என்ன எழுதியிருக்கின்றது, உணவகத்தில் அமர்ந்தவன் எந்தச் சொல்லால் சோறு கேட்கின்றான், பேருந்தில் ஏறியவள் தான் இறங்குமிடத்தை எந்தப் பெயரால் சொல்கின்றாள் என்பவையே அத்துடிப்பு. இவ்வளவையும் பார்ப்பதற்குத் தனியே ஆராய்ச்சி வேண்டுவதில்லை. தமிழகத்தின் தலைநகரில் ஒருநாள் கண்ணையும் காதையும் திறந்துகொண்டு நடந்தால் போதும்.

கண்ணுக்குத் தெரிவதை முதலிற் பார்ப்போர்க்கு ஒரு மகிழ்ச்சி தோன்றக்கூடும். கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் என 1947ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளுள் பெயர்ப்பலகை பற்றிய விதியும் ஒன்று. பலகை தமிழில் இருத்தல் வேண்டும். பிறமொழியும் எழுதுவதாயின் தமிழுக்குக் கீழே எழுதுதல் வேண்டும். இடத்தைத் தமிழ், ஆங்கிலம், மற்றொரு மொழி என்னும் மூன்றுக்கும் 5:3:2 என்னும் அளவிற் பகிர்ந்து கொடுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விதி நெடுநாள் உறங்கும். யாரேனும் ஒருவர் ஆர்ப்பரித்தால் சிறிது விழிக்கும். தண்டத் தொகை சிலரிடம் வாங்கியபின் மீண்டும் உறங்கும். எனினும் இத்தனை ஆண்டுத் தட்டலுக்கும் எழுப்பலுக்கும் பயன் இல்லாமற் போகவில்லை. தெருவில் தமிழ் எழுத்துக் கண்ணிற் படுகின்றது. படுகின்ற அவ்வெழுத்தைக் கூட்டிப் படித்தால்தான் மகிழ்ச்சி கலைகின்றது.

தியாகராயநகரில், அரங்கநாதன் தெருவின் வாயிலில் நின்று தலையை நிமிர்த்துப் பார்க்கட்டும். டெக்ஸ்டைல்ஸ், சில்க்ஸ், ஜுவல்லர்ஸ், ரெடிமேட்ஸ், ஃபேன்சி ஸ்டோர்ஸ், ஃபுட்வேர். அத்தனையும் தமிழ் எழுத்து. ஒன்றுகூடத் தமிழ்ச்சொல் இல்லை. தமிழ் எழுத்து என்பதும் முழுமெய் அன்று. தொல்காப்பியன் வகுத்த எழுத்துகள் அப்பலகைக்குப் போதவில்லை. வடவெழுத்து நான்கைந்தைக் கடன் வாங்கி ஒட்டினால்தான் அது எழுந்து நிற்கின்றது. தமிழ் மட்டும் அறிந்தவன் அதைப் படிக்கலாம், பொருள் உணரமுடியாது. ஆங்கிலம் அறிந்தவனுக்கோ அது தேவையே இல்லை. கீழே ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கின்றது. அப்படியானால் அந்த ஐந்து பங்கு இடம் யாருக்காக? விதியைக் காட்டிக் கேட்க வரும் அலுவலருக்காக.

இதில் வணிகனை மட்டும் குறைசொல்வது எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. அவன் சொற்களை எடைபோட்டுத்தான் வாங்குகின்றான். துணிக்கடை என்றால் ஒற்றை அறை, ஒரு மரப்பலகை, கையில் அளவுகோலுடன் நிற்கும் முதலாளி. டெக்ஸ்டைல்ஸ் என்றால் மூன்று மாடி. சில்க்ஸ் என்றால் ஏழு மாடியும் குளிரூட்டமும் நகரும் படிக்கட்டும். விற்பது எல்லாவிடத்தும் துணிதான். மாடி ஏற ஏறத் தமிழ் கீழே இறங்குகின்றது. மருந்துக்கடை மெடிக்கல்ஸ் ஆகிப் பின் ஃபார்மசி ஆயிற்று. முடிதிருத்தும் நிலையம் என்று ஒருகாலத்தில் ஊர்தோறும் அழகாக எழுதியிருந்த பலகை சலூனாகிப் பின் ஸ்பா ஆயிற்று. ஊர்திப் பழுது நீக்குபவன் மட்டும் 'இங்குப் பஞ்சர் ஒட்டப்படும்' என்று பாதித் தமிழையாவது வைத்திருக்கின்றான். அவனிடம் மாடி இல்லை.

சோற்றுக்கு நேர்ந்த கதி இதனினும் கொடிது. உழுது நெல் விளைத்த இனம் தன் உணவின் பெயரைச் சொல்ல நாணுகின்றது. சோறு என்பது ஏழை உண்பது. சாதம் என்பது வீட்டில் உண்பது. ரைஸ் என்பது விலை கொடுத்து உண்பது என்றாகிவிட்டது. உணவகத்து வாயிலில் சாய்த்து வைத்த கரும்பலகையில் 'மீல்ஸ் ரெடி' என்று வெண்கட்டியால் எழுதியிருக்கின்றது. எழுதியவர் அநேகமாக ஆங்கிலம் படியாதவர். உண்ண வருவோருள்ளும் பலர் சுமைதூக்குவோர், தானி ஓட்டுவோர், பாதையோரத்தில் பூ விற்போர். எழுதியவருக்கும் தெரியாத, படிப்பவருக்கும் தெரியாத ஒரு மொழியில் இருவரும் சோறு பரிமாறிக்கொள்ளும் விந்தை உலகில் வேறெங்குளதோ! யார் கட்டளையிட்டார்கள்? யாரும் இடவில்லை. கட்டளை இல்லாமலே பணிந்து போகும் அளவுக்கு அடிமைத்தனம் பழகிவிட்டது.

இவையெல்லாம் சொற்சிக்கல், சோற்றுச்சிக்கல் அன்று என்று அறிவாளர் சிலர் நகைப்பர். அவர்கள் ஒரு மளிகைக்கடையிற் சிறிதுநேரம் நிற்றல் நலம். ஈரோட்டு மஞ்சளை அரைத்து உறையிலிட்டு விற்கின்றார்கள். விளைத்தவன் தமிழன், அரைத்தவன் தமிழன், விற்பவன் தமிழன், வாங்கி வீட்டுக்குக் கொண்டு போகின்றவள் தமிழச்சி. உறையின் முகப்பில் மஞ்சள்தூள் என்று தமிழிலும் பொறித்திருக்கலாம். ஆனால் எடை எவ்வளவு, விலை எவ்வளவு, உறையிலிட்ட நாள் எது, குறையிருந்தால் யாரைக் கேட்பது என்பவை எல்லாம் பின்புறத்தில் எறும்பெழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இது வணிகனின் விருப்பம் மட்டுமன்று. பொட்டலப் பொருள்களைப் பற்றி நடுவண் அரசு 2011ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில், இவ்விளக்கங்கள் தேவநாகரியில் எழுதிய இந்தியிலோ அல்லது ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்று கூறப்பெற்றுள்ளது. பிறமொழியையும் கூடச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்று ஓர் ஒட்டும் உண்டு. விருந்தினன் முற்றத்தில் அமர்ந்துகொண்டு, வீட்டுக்காரன் திண்ணையில் இருக்கத் தடையில்லை என்று சொல்வதை ஒத்தது இது. தமிழ்நாட்டில் விளைந்து தமிழ்நாட்டிலேயே விற்கும் பொருளுக்குத் தமிழ் கட்டாயமன்று. இந்தியோ ஆங்கிலமோ கட்டாயம்.

மஞ்சளில் தவறினால் குழம்பு கெடும். மருந்தில் தவறினால்? நகரத்து அரசு மருத்துவமனை வாயிலில் மாத்திரைப் பட்டைகளைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கும் முதியவளை யாரும் கண்டிருப்பர். பட்டையிற் பொறித்தது அவளுக்கு வெறும் கோடு. அவள் நிறத்தைக் கொண்டு நினைவு வைக்கின்றாள். சிவப்பு காலைக்கு, வெள்ளை இரவுக்கு, நீண்டது சோற்றுக்கு முன். அடுத்த திங்கள் வேறொரு நிறுவனத்தின் மருந்து வந்து, சிவப்பு வெள்ளையாகிவிட்டால் அவள் பேரனுக்காகக் காத்திருக்க வேண்டும். பேரன் ஆங்கிலப் பள்ளியிற் படிக்கின்றவன். அவனுக்குப் பட்டையைப் படிக்கத் தெரியும், ஆனால் அதிற் கண்டதைப் பாட்டிக்குத் தமிழிற் சொல்லத் தெரியாது. இந்த இருவருக்கும் இடையில் விழுந்து கிடப்பதுதான் தமிழ். இதைச் சொற்சிக்கல் என்று நகைப்பவர் நகைக்கட்டும்.

பிற நகரங்களிலும் இப்போர் நடவாமலில்லை. மும்பையிற் கடைப்பலகைகள் மராத்தியில் இருத்தல் வேண்டும் என்று மராட்டிய அரசு 2022ஆம் ஆண்டிற் சட்டத்தைத் திருத்திற்று. வணிகர் எதிர்த்து வழக்காடினர். உச்ச நயமன்றம் 2023 செப்டம்பரில் அவர்களுக்கு இரண்டு திங்கள் தவணை கொடுத்துப் பலகையை மாற்றச் சொல்லிற்று. பெங்களூரில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலப் பலகைகள் உடைக்கப்பெற்றன. அடுத்த ஆண்டிலேயே பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருத்தல் வேண்டும் என்று கருநாடகம் சட்டம் செய்தது. இவற்றைக் குறுகிய மனம் என்று தில்லி இதழ்கள் தூற்றின. தன் வீட்டு வாயிலில் தன் பெயரை எழுதுவது குறுகிய மனம் என்றால், பிறன் வீட்டு வாயிலில் தன் பெயரை எழுதுவதற்கு என்ன பெயர்? அதுநிற்க. அங்கும் எழுத்துத்தான் மாறிற்று. ஆங்கிலச் சொல்லையே தேவநாகரியில் எழுதி மும்பையிலும், கன்னட எழுத்தில் எழுதிப் பெங்களூரிலும் விதியை நிறைவேற்றிவிட்டவர் பலர். ஆக, நோய் ஒன்றே.

இனிக் காதுக்கு வருவோம் எனின், அங்கே நிலைமை இன்னும் தெளிவு. சென்னையில் 2015ஆம் ஆண்டிலிருந்து ஓடும் மெட்ரோ தொடர்வண்டியில் 'அடுத்த நிலையம் எழும்பூர்' என்று இனிய குரலில் அறிவிப்பு வருகின்றது. அதே நொடியில் பக்கத்தில் நிற்பவர் கைப்பேசியில் 'எக்மோர் வந்துட்டேன்' என்கின்றார். மாநகரப் பேருந்தின் நெற்றியில் 'தி.நகர்' என்று எழுதியிருக்க, ஏறுகின்றவர் 'டி.நகர் போகுமா?' என்று கேட்கின்றார். நடத்துநரும் தம் வண்டியில் எழுதியிருப்பதை மறந்து 'டி.நகர், டி.நகர்' என்றே கூவுகின்றார். வண்டி நிற்க 'ஓல்டான்', புறப்பட 'ரைட்'. கிழக்குக் கடற்கரைச் சாலை என்னும் நெய்தல் மணக்கும் பெயர் ஈ.சி.ஆர். என்று மூன்றெழுத்தாய் மூச்சடங்கிற்று. இவ்வளவுக்கும் இடையில் 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ் ஒலிப்புக்கேற்ப எழுத்தை மாற்றுவது என்பது அவ்வாணை. எந்த ஊருக்கு எந்த ஆங்கில எழுத்தைப் போடுவது என்பதிற் பெருங்குழப்பம் விளைந்தது. சில நாள்களில் ஆணையே திரும்பப் பெறப்பட்டது. எண்ணம் நல்லதுதான்; ஆனால் ஆங்கிலத்தைத் திருத்தப் புகுந்த அளவு உழைப்பைத் தமிழன் நாவைத் திருத்துவதிற் செலவிட்டவர் இலர்.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. இத்தனை நல்ல தமிழ்ச்சொற்கள் ஆக்கப்பெற்றும் ஏன் நாவில் ஏறவில்லை? பேருந்து, தொடர்வண்டி, மிதிவண்டி, தொலைக்காட்சி, வானொலி ஆகிய சொற்களைப் பிள்ளைகள் கட்டுரையில் எழுதுகின்றனர், மதிப்பெண் பெறுகின்றனர், பள்ளி வாயிலைத் தாண்டியதும் பஸ், ரயில், சைக்கிள் என்கின்றனர். தமிழனுக்குத் தமிழ்ச்சொல்லே ஆகாது என்று கொள்ளலாமா? கொள்ளக்கூடாது என்பதற்குச் சான்று அதே தெருவில் உண்டு.

1999ஆம் ஆண்டில் உழவர் தம் காய்கறியை இடைத்தரகரின்றி விற்க ஒரு சந்தை தொடங்கப்பெற்றது. அதற்கு உழவர் சந்தை என்று பெயர். அப்பெயரை இன்றுவரை யாரும் ஆங்கிலத்திற் சொன்னதில்லை. ஆங்கிலப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெண்மணியும் 'உழவர் சந்தைக்குப் போய்வந்தேன்' என்றே சொல்கின்றார். 2013ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சி குறைந்த விலைக்கு இட்டலியும் சோறும் விற்கத் தொடங்கிய இடத்துக்கு அம்மா உணவகம் என்று பெயர். உணவகம் என்னும் சொல் ஏட்டுச்சொல் என்று முன்பு சொன்னவரே அன்று வாய்கூசாமற் சொன்னார்கள். ஆவின் என்பது ஆ என்னும் ஓரெழுத்துச் சொல்லிற் பிறந்தது. காலையில் உறைப்பால் வாங்கும் சிறுவன் அவ்விலக்கணம் அறியான். ஆயினும் ஆவின் என்கின்றான். அரசு செய்தவை மட்டும் அல்ல இவை. பழக்கடைக்காரர்கள் பழமுதிர் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். முருகனின் பழமுதிர்சோலையை நினைவூட்டும் அச்சொல்லைப் புலவர் எவரும் குழு கூட்டி ஆக்கவில்லை; தமிழகம் முழுதும் பரவிற்று. அங்கே உட்கார்ந்து சாத்துக்குடிச் சாற்றை 'சூசு' என்று கேட்கின்றார்கள் என்பது வேறு செய்தி.

இவற்றுக்கும் மிதிவண்டிக்கும் உள்ள வேறுபாடு என்ன? சைக்கிள் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்த பொருளுக்குப் பல்லாண்டு கழித்து மிதிவண்டி என்று பெயரிட்டோர் இட்டனர். பெயரோடு வளர்ந்துவிட்ட பிள்ளையை வேறு பெயரிட்டு அழைத்தால் அது திரும்பிப் பார்க்காது. உழவர் சந்தை பிறந்த அன்றே தமிழ்ப்பெயரோடு பிறந்தது. அதற்கு வேறு பெயர் இருந்ததில்லை. எனவே மறக்கவேண்டிய பெயரும் இல்லை. பேருந்து என்னும் சொல்லும் ஓரளவு வென்றதற்குக் காரணம், அது இதழ்களில் மட்டும் நில்லாமல் நிலையத்தின் முகப்பிலும் வண்டியின் பக்கத்திலும் பயணச்சீட்டிலும் நாள்தோறும் கண்ணில் பட்டதே. 2015இல் வந்த புதிய தொடர்வண்டியோ பிறக்கும்போதே மெட்ரோ என்று பிறந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில், தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தபோதே, ஒரு நல்ல பெயரைச் சொல்லி அரசின் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டியவர் யார்?

தனித்தமிழ் இயக்கம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. வேதாசலம் மறைமலையடிகளாகி, 1916இல் இயக்கம் தோன்றி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. பாவேந்தர் தம் தமிழியக்கத்தில் வணிகரை நோக்கியே தனியாகப் பாடியிருக்கின்றார்; கடைப்பலகையின் இழிவை அன்றே கண்டவர் அவர். பாவாணர் வேர்ச்சொல்லை அகழ்ந்து தம் வாழ்நாளையே அதில் இட்டார். இவ்வளவு உழைப்பும் வீண் என்று எவனும் சொல்லத் துணியான். ஆனால் அவர்களுக்குப் பின் வந்தோர் செய்வதென்ன? ஒரு பொருள் வந்து பத்தாண்டு ஆனபின், அதற்கு ஐந்து அறிஞர் ஐந்து சொல் ஆக்கி, எது சிறந்தது என்று இதழ்களில் ஓராண்டு வழக்கிட்டுக்கொள்கின்றனர். குளம்பியா கொட்டைவடிநீரா என்னும் வழக்கு முடிவதற்குள் மக்கள் எத்தனை கோடிக் குவளை காப்பியைக் குடித்து முடித்துவிட்டனர்! சொல் ஆக்குவது பாதி வேலை. அதனைப் பொருளின் நெற்றியில், பொருள் தெருவுக்கு வரும் நாளில் ஒட்டுவது மறுபாதி. பின்னது அலுவலகத்தில், அச்சுக்கடையில், கட்டடம் கட்டுவோன் முற்றத்தில் நடப்பது. அங்கே தனித்தமிழ் அன்பர்கள் போவதில்லை.

கட்டடம் என்றவுடன் ஒரு காட்சி நினைவுக்கு வரும். சென்னையின் புறநகரெங்கும் மாடிவீடுகள் எழுகின்றன. சாரத்தின்மேல் நிற்போரிற் பலர் பீகாரிலிருந்தும் ஒடியா நாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த ஏழை உழைப்பாளர். கொத்தனார் தமிழர். அவர் 'கலவை' என்றால் கலவை வருகின்றது. 'சாந்துச்சட்டி' என்றால் சட்டி வருகின்றது. 'தூக்குக்குண்டு', 'மட்டப்பலகை' என்று கையை நீட்டினால் அவ்வக் கருவி கைக்கு வருகின்றது. வந்தவன் கற்றுக்கொண்டுவிட்டான், பிழைப்பு கற்பித்தது. அவனிடம் தமிழுக்கு எப்பகையும் இல்லை. தமிழனுக்கும் அவன்மேற் பகை வேண்டுவதில்லை. அடிப்படையிலிருந்து கைப்பிடிச்சுவர் வரை தமிழ்ச்சொல்லால் எழும்பிய அக்கட்டடத்துக்கு, பூசி முடித்த பின்னர், 'ரெசிடென்சி' என்றும் 'என்கிளேவ்' என்றும் பெயர் பொறிக்கின்றார்கள். பொறிப்பவன் பீகாரி அல்லன். அதில் குடிபுகுவோன் தன் குழந்தைக்கு ஷ், ஸ் என்று முடியும் பெயரொன்றைப் பொருள் தெரியாமல் இட்டு, அதனைத் தமிழில் எழுதவும் தெரியாமல் விழிக்கின்றான்.

இன்று கடைப்பெயரை முடிவு செய்கின்றவன் புலவனும் அல்லன், சட்டமன்றமும் அன்று. முன்பு பலகைக்கு வண்ணம் தீட்டும் ஓவியரிடம் போய், 'என்ன எழுதலாம்?' என்று வணிகர் கேட்பர். அவர்களுள் தமிழுணர்வுடையோர் பலர் இருந்தனர். இப்பொழுது நெகிழித் தட்டி அச்சிடும் கடையில், கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞனிடம் அதே கேள்வி கேட்கப்படுகின்றது. அவனிடம் முன்னரே அடித்து வைத்த பெயர்கள் உண்டு. 'ஹார்டுவேர்ஸ்னு போட்டுடவா அண்ணே?' என்கின்றான். இரும்புக்கடை வைக்க வந்தவர், ஊரில் தம் தந்தை இரும்புக்கடை வைத்திருந்தவர், ஒரு கணம் தயங்கிப் பின் 'போடுப்பா' என்கின்றார். தட்டிக்கு விலை சதுர அடிக்கு இவ்வளவு என்பதுதான். தமிழென்றால் ஒரு காசு கூடுதல் இல்லை. அந்த ஒரு கணத் தயக்கத்தின்போது பக்கத்தில் 'இரும்புக்கடை என்றே போடுங்கள்' என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவே குறை.

ஆகவே ஒவ்வோர் ஊரிலும் உள்ள அன்பர்கள் தம் ஊரிலுள்ள தட்டி அச்சுக்கடைகளை எண்ணிப் பார்க்கட்டும். சிற்றூராயின் இரண்டு மூன்று இருக்கும். நகராயின் இருபது முப்பது. ஒவ்வொன்றிலும் சென்று, சினமின்றி, தார்ச்சட்டியின்றி, ஒரு தாளைக் கொடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வரட்டும். துணிக்கடை, நகைக்கடை, பட்டுக்கடை, மருந்தகம், இரும்புக்கடை, அடுமனை, தேநீர்க்கடை, காலணியகம், முடிதிருத்தகம், தையலகம், அச்சகம், இனிப்பகம், பாத்திரக்கடை, மின்பொருளகம், கண்ணாடிக்கடை, எழுதுபொருளகம். ஒரு தெருவிலுள்ள கடை வகை அத்தனையும் எழுதினாலும் தாளின் ஒரு பக்கம் நிறையாது.